ராணி தலையில் வைத்த பெருவிரல்

பதுளைக் கடைவீதியில் கையெழுத்துக்கும் கைநாட்டுக்கும் ஒரே பெயர்தான்: ராணி. பத்திரங்களில் ஒட்டும் முத்திரையில் இப்போது இருப்பவர் தாடி வைத்த அரசர். அவருக்கு முன்பு இருந்தவரும் தாடிக்காரர்தான். ஆனாலும் போன வாரம் ஒரு லொறிக்காரன் எங்கள் கடையில் மூட்டைகளை இறக்கிவிட்டு, என் ஊற்றுப்பேனாவையே வாங்கிக்கொண்டு, "ராணிய எங்க வைக்கணும் மொதலாளி?" என்று கேட்டான். ராணி இறந்தபோது அவன் பிறந்திருக்கவே மாட்டான். பள்ளிக்கூடம் போன பையன்கள் ஆங்கிலத்தில் சுழித்துச் சுழித்துப் போடும் கையெழுத்துக்கும் அதே பெயர். செல்லாத கையெழுத்து என்றால் ‘செத்த ராணி’.

ரயில் பதுளைக்கு வந்த பிறகு கொழும்பிலிருந்து வருகிறவர்கள் அதிகம். அவர்கள் இந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்து, காரணம் விசாரிக்கிறார்கள். விசாரிக்கிறவர்களுக்குச் சொல்ல வீதியில் ஒரு கதை தயாராக இருக்கிறது. அதில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண் வருகிறாள். ராணி செத்ததும் தன் கைநாட்டும் செத்துவிட்டதென்று நினைத்துக் கிளம்பிப் போகிறாள், பிடிபடுகிறாள், நீதவான் முன்னால் ஏதோ சொல்கிறாள், எல்லோரும் சிரிக்கிறார்கள். கதை அங்கே முடிந்துவிடும். அந்தப் பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். அவள் எங்கே போகக் கிளம்பினாள் என்பது அந்தக் கதையில் இல்லை.

அப்போது எங்கள் கடையில் துணி, அரிசி, கருவாடு ஆகியவற்றோடு முத்திரையும் விற்றோம். தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணிமார் ஆட்களைக் கூட்டி வந்து முச்சலிக்கை எழுதுவதும் எங்கள் கடையில்தான். ‘இன்ன கங்காணியின் கூட்டத்தில் இருப்பேன், அவர் விடும்வரை வேறு தோட்டத்துக்குப் போகமாட்டேன்’ என்கிற எழுத்து அது. எழுதுகிறவன் நான். கொழும்பில் வெளிவந்த ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குப் பதுளைச் செய்திகளையும் அனுப்பிக்கொண்டிருந்தேன். என் முதல் கடிதத்தைத் திருப்பி அனுப்பிய ஆசிரியர், ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு வரி எழுதியிருந்தார்: பார்த்ததைப் பார்த்ததாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் எழுது, நினைத்ததை எழுதாதே. இங்கேயும் அப்படியே செய்கிறேன்.

முத்திரையில் ராணியின் தலை மட்டும் பக்கவாட்டில் இருக்கும். அதன் மேல் பெருவிரலை மையில் தோய்த்து வைக்க வேண்டும். தோட்டத்து ஆட்கள் இதைக் கைநாட்டு என்று எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது தலையில் கை வைத்துச் செய்யும் சத்தியம். பிள்ளையின் தலையில் கை வைத்துச் சொன்ன சொல்லை மீறினால் பிள்ளைக்கு ஆகாது. யார் தலையோ, அவர் உயிருக்கு அந்தச் சொல்தான் காவல். காகிதத்தில் ஒரு தலையைக் காட்டி அதன் மேல் விரலை வைக்கச் சொன்னால் அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

இதை முதலில் கண்டுகொண்டவர் தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெரிய கங்காணி. வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டும், காதில் கடுக்கனும், கையில் வெள்ளிப்பூண் போட்ட தடியுமாக வருவார். புதிதாக வந்த ஆட்களை மேசை முன் வரிசையாக நிறுத்தி அவர் பேசுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

"இது பொம்ம இல்லடா. மகாராணி தல. இதுல கைய வச்சிட்டு எவனாவது ஓடுனா அங்க சீமையில அந்தம்மா தல சாஞ்சிரும். சாஞ்சா தொரைமாரு உங்கள சும்மா விடுவாங்களா? ம், வை. ராணிய வை."

ஆட்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு வைப்பார்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். சொல் அப்படித்தான் பிறந்தது. முதலில் அவர் கூட்டத்தில், பிறகு மற்றக் கங்காணிமாரிடம், பிறகு கடைவீதியில்.

அந்தப் பெண்ணை நான் முதலில் கண்டது அவள் புருஷன் வயிற்றுக்கடுப்பில் இறந்த மாதத்தில். புருஷனின் கைநாட்டு அவனோடு போய்விட்டதால் அவளுடையதை வாங்கக் கங்காணி கூட்டி வந்திருந்தார். மெலிந்தவள், நடுவயது. மகளை ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கட்டிக் கொடுத்திருந்தாள். வேறு பிள்ளை இல்லை. மேசையில் குனிந்து முத்திரையை உற்றுப் பார்த்தாள்.

"இந்தம்மாவுக்குப் புருசன் இருக்காருங்களா?"

"செத்துட்டான்" என்றார் கங்காணி. "உன்ன மாதிரி முண்டச்சிதான்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"ஐயோ பாவம். புள்ளைங்க?"

"இருக்கு, வண்டி வண்டியா. நீ கைய வை."

அவள் வைத்தாள். தூங்கும் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல் வைத்ததால் மை பதியவில்லை. கங்காணி அவள் விரலைப் பிடித்து, மறுபடி மையில் தோய்த்து, தன் உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினார். "அமுக்கு புள்ள. அவளுக்கு நோவாது." ராணியின் முகம் முழுதும் கறுத்துப்போனது. அவள் விரலைத் தலைமுடியில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். எல்லோரும் அப்படித்தான் துடைப்பார்கள். எண்ணெய்த் தலையில் மை சுலபமாகப் போய்விடும்.

ராணி இறந்த செய்தி தந்தியில் வந்தது. கடைகளைச் சாத்தினோம். கதவுகளில் கறுப்புத் துணி தொங்கவிடச் சொன்னார்கள். கறுப்புத் துணி எங்கள் கடையில்தான் இருந்தது, அன்று நல்ல வியாபாரம்.

தோட்டத்தில் நடந்தது நான் கேட்டது. காலையில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டில் துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னாராம். கங்காணி அதைத் தமிழில் சொன்னதும் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்களாம். துரை அதைக் கண்டு மனம் நெகிழ்ந்து, தன் ஆட்களின் ராஜபக்தியைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைக்கு எழுதினார். அந்தக் கடிதத்தை நான் பிறகு படித்தேன். அவர்கள் அழுதது வேறு காரணத்துக்கு. யாரோ ஒருவன் சத்தியத்தை மீறி ஓடியதால்தான் ராணியின் தலை சாய்ந்துவிட்டது, இனி எல்லோரையும் தண்டிப்பார்கள் என்று பயந்தார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு இளைஞன் ஓடிப் போயிருந்தான். அவன் தாய் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தாள். தண்ணீர்ப் பீலியில் குடம் வைக்க அவளை மற்றப் பெண்கள் விடவில்லை. ஓடைக்கு இறங்கிப் போய்த் தண்ணீர் எடுத்தாளாம். கங்காணிக்கு இது பெரிய சந்தோஷம். "நான் ஒண்ணும் செய்யல தம்பி, அவளுகளே செஞ்சாளுக" என்று என்னிடம் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை வாசல் பலகையில் கங்காணியும் அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையும் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளை படித்தவர், வாயாடி. முகத்தில் சிரிப்பே இல்லாமல் வேடிக்கை பேசுவார். இனி நடந்தது நான் பார்த்தது.

அந்தப் பெண் வந்து வாசலுக்குக் கீழே நின்றாள். மகள் பிள்ளைத்தாச்சி. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் மகளின் கங்காணி அவளை விடவில்லை. அதனால் தாய் போக வேண்டும். இதற்கு முன்பே இரண்டு தடவை கேட்டிருந்தாள். இப்போது ஹல்துமுல்லையிலிருந்து வந்த ஒரு வண்டிக்காரன் சேதி கொண்டுவந்திருந்தான்.

"கால் ரெண்டும் வீங்கிருச்சாங்க. கண்ணு மங்குதாம். ஆத்தா வராட்டி செத்துருவேன்னு சொல்லி விட்டிருக்கு. ஒரு பத்து நாளு, சாமி. போயிட்டு வந்துர்றேன்."

"போனவ எவ வந்தா?" என்றார் கங்காணி. "போன வருசம் ஒருத்தி இப்பிடித்தான், அக்காளுக்குப் பேறுகாலம்னு போனா. அங்கனக்குள்ளயே அடுப்பு வச்சிட்டா. நீ போனா அந்தக் கங்காணி உன்ன விடுவானா?"

"நான் ராணி வச்சிருக்கேனுங்களே. மீறுவனா?"

அப்போது கணக்கப்பிள்ளை வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"அதான் செத்துட்டாளே."

அவள் அவரைப் பார்த்தாள்.

"எந்தத் தலையில கைய வச்ச? ராணி தலையில. அந்தத் தல இப்ப மண்ணுக்குள்ள. தலையே இல்லாம சத்தியம் ஏது? கங்காணிக்கு இது தெரியும், உங்கிட்டச் சொல்ல மாட்டாரு."

"நெசமாவா ஐயா?"

"நான் என்னைக்கு உங்கிட்டப் பொய் சொன்னேன்?"

அவள் கங்காணியின் பக்கம் திரும்பினாள். கங்காணி தடியின் பூணைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "கணக்கப்புள்ள படிச்சவரு. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். முதலில் கணக்கப்பிள்ளையை, பிறகு கங்காணியை. அவள் வீதி முனை திரும்பும்வரை இரண்டு பேரும் முகத்தை இறுக்கமாக வைத்திருந்தார்கள். பிறகு கணக்கப்பிள்ளைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. கல்லாவில் இருந்த என் தகப்பனார் அவருக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

வீதிக் கதையில் அவள் இருட்டில் ஓடியதாகச் சொல்வார்கள். அவள் பகலில்தான் போனாள். லயத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, கோழியைப் பக்கத்து வீட்டில் விட்டு, பேறுகாலத்துக்கு வேண்டிய இஞ்சியும் வெள்ளைத்துணியும் மூட்டை கட்டிக்கொண்டு, பெரிய ரோட்டு வழியாகவே நடந்தாள். அவளைப் பொறுத்தவரை அவள் ஓடவில்லை. பண்டாரவளையில் ஒரு கடைத் திண்ணையில் ராத் தங்கினாள். மறுநாள் தியத்தலாவையில் பிடிபட்டாள். அங்கே அப்போது போரில் பிடித்துக் கப்பலில் கொண்டுவந்த போயர் கைதிகளின் முகாம் இருந்ததால் ரோட்டில் போகிறவர் வருகிறவர்களையெல்லாம் பொலிஸ்காரர் நிறுத்திக் கேட்டார்கள். தோட்டம் விட்ட சீட்டு எங்கே என்று கேட்டதற்கு, ராணி செத்துவிட்டதால் தனக்குச் சீட்டு வேண்டியதில்லை என்று அவள் விளக்கினாள். அங்கிருந்து ஹப்புத்தளை எட்டும் தூரம். அதற்கப்பால் ஹல்துமுல்லைக்கு இறக்கம்தான்.

வழக்கு நாளில் நான் பென்சிலோடு பின்வரிசையில் நின்றேன். சொல்லாமல் வேலையை விட்டுப் போனது குற்றம். ஒரு மாதம் முன்பே அறிவித்திருக்க வேண்டும். கங்காணி சாட்சி சொன்னார். பிறகு அவளைக் கேட்டார்கள். துபாஷி ஒரு சொல்கூட விடாமல் மொழிபெயர்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது.

"ராணி தலையில கை வச்சுச் சொன்னேன் சாமி. அந்தம்மா தவறிட்டாங்க. நான் மீறல. அவங்க போன பொறகுதான் கெளம்புனேன்."

நீதவான் பேனாவை வைத்துவிட்டு அவளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொன்னார். துபாஷி தமிழில் சொன்னார்: "மகாராணி போனா என்ன, ராஜா இருக்காரேன்னு தொரை கேக்குறாரு."

"இருக்கட்டும் சாமி. நல்லா இருக்கட்டும். அவரு தலையில நான் கை வைக்கலையே."

துபாஷி இதைச் சொல்லி முடிப்பதற்குள் தமிழ் தெரிந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சொல்லி முடித்ததும் மற்றவர்கள் சிரித்தார்கள். நீதவானும் கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டார். அவள் சுற்றிலும் பார்த்தாள். சிரிக்கிறவர்கள் தண்டிக்க மாட்டார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, அவளும் கொஞ்சம் சிரித்தாள். இது நான் பார்த்தது.

கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, அவர் அப்படிச் சொன்னாரா என்று கேட்டார்கள். "வெளையாட்டுக்குச் சொன்னதுங்க" என்றார். வேடிக்கையாகச் சொன்னதை வேடிக்கை என்று அறிய வேண்டியது அவள் பொறுப்பு என்று நீதவான் சொல்லி, சிறைத் தண்டனை விதித்தார். கடும் காவல். தேங்காய் மட்டை அடிக்கும் வேலை.

"மகளுக்கு இந்த மாசம்தான் சாமி" என்றாள் அவள். துபாஷி அதையும் மொழிபெயர்த்தார். அப்போது அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் இதைப் பத்திரிகைக்கு எழுதினேன். மகள், பேறுகாலம், கணக்கப்பிள்ளை சொன்னது எல்லாம் அதில் இருந்தன. ஆசிரியர் அதைச் சுருக்கி, அவள் நீதவானுக்குச் சொன்ன பதிலை மட்டும் வைத்து ‘விநோதம்’ என்ற தலைப்பின் கீழ் போட்டார். இடம் போதவில்லை என்று எழுதினார். பதுளையில் அந்த இதழுக்குப் பெரிய கிராக்கி. கணக்கப்பிள்ளை தன் பிரதியைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். அந்த வாரத்திலேயே ஒரு வியாபாரி, செல்லாத உண்டியல் சீட்டு ஒன்றைத் திருப்பி எறிந்து, "இது செத்த ராணி" என்றார். இரண்டாவது சொல்லும் பிறந்துவிட்டது.

தண்டனை முடிந்து வெளியே வந்தவளைச் சிறைவாசலிலேயே கங்காணி பிடித்துக்கொண்டார். அது வழக்கம். வேறு கங்காணி வந்து கூட்டிப் போவதற்குள் தன் ஆளைத் தானே கூட்டிப் போக வேண்டும். நேரே எங்கள் கடைக்கு வந்தார். பழைய முச்சலிக்கையே போதும் என்று நான் சொன்னேன். "வேணாம் தம்பி, அதப் பத்தி ஊரெல்லாம் சிரிக்குது. புதுசா ஒண்ணு எழுது" என்றார்.

அவளுடைய உள்ளங்கைகள் மட்டை அடித்து வெடித்திருந்தன. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள், பேனுக்காக. எழுதி முடித்து முத்திரையை ஒட்டினேன். அரசர் தலை போட்ட முத்திரை அப்போது இன்னும் வரவில்லை. பழைய ராணிதான்.

அவள் கங்காணியிடம் கேட்டாள்: "இத வச்சா ஹல்துமுல்லைக்குப் போக விடுவீங்களா?"

"விடுவேன்."

"நெசமா?"

"இந்தத் தம்பி சாட்சி. வச்சிட்டுப் போ."

அவள் மேசையில் குனிந்தாள். முன்பு பார்த்ததுபோலவே முத்திரையை உற்றுப் பார்த்தாள். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"இது அதே அம்மாதானுங்களே? செத்தவங்க?"

"ஆமாம்" என்றேன்.

அவள் விரலை மையில் நன்றாகத் தோய்த்து, யாரும் பிடிக்காமலே அழுத்தி வைத்தாள். கோடு கோடாகத் தெளிவாகப் பதிந்தது. நான் எழுதிய முச்சலிக்கைகளில் அவ்வளவு சுத்தமான கைநாட்டு வேறில்லை. செத்தவள் தலையில் வைத்தால் அது யாரையும் கட்டாது, யாரையும் கொல்லாது. மகளிடம் போனால் திரும்பி வரவே வேண்டாம் என்று அவள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். நினைத்ததை எழுதாதே என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். இந்த ஒன்றை எழுதுகிறேன். அவள் கண்ணில் அது தெரிந்தது.

கங்காணி காகிதத்தை ஊதிக் காயவைத்தார். இரண்டாக மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். அதற்குப் பிறகுதான் சொன்னார்.

"போறதுன்னா போ. ஆனா அங்க யாரும் இல்ல."

அவள் புரியாமல் நின்றாள்.

"நீ உள்ள இருக்கையிலயே வண்டிக்காரன் தோட்டத்துக்கு வந்து சொல்லிட்டான். பொதைச்சிட்டாங்களாம்."

"புள்ள?"

"அதுவும்தான். கூடவே."

கடையில் அப்போது இரண்டு பேர் அரிசிக்கு நின்றார்கள். கங்காணி என்னைப் பார்த்து, கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும் என்று தோன்றியவர்போல, "முன்னாடியே சொல்லியிருந்தா வச்சிருக்குமா தம்பி?" என்றார்.

அவள் அழவில்லை. வலது கையை இடது கையால் மணிக்கட்டில் பிடித்துக்கொண்டு, அது யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள். மை இன்னும் ஈரமாக இருந்தது.

"தொடைச்சுக்க புள்ள, சீலையில ஒட்டும்" என்றார் கங்காணி. அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கடைச் சாக்கின் ஓரத்தைக் கூடத் தடியால் அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

அவள் துடைக்கவில்லை. கங்காணி குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். அவளும் இறங்கினாள். ஹல்துமுல்லைக்குப் போகிறாயா என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பெருவிரலை மட்டும் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கங்காணிக்குப் பின்னால் தெமோதரை ரோட்டில் நடந்தாள்.